அளந்து போட்டது

நவம்பர் இருபத்தொன்று வாக்கில்
துரோம்சோவில் சூரியன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும்.
ஜனவரி மூன்றாம் வாரம்தான் திரும்பும்.
யாரும் கொடுத்த வாக்கு இல்லை இது,
ஆனாலும் ஒரு வருடமும் தவறியதில்லை.

தூர்டிஸ் மீன் தொழிற்சாலையில்
குளிர் அறைகளின் வெப்பநிலை குறிப்பவள்.
இரவுப் பணி. அந்த மாதங்களில்
பகல் பணியும் இரவுப் பணிதான்.
அப்படியொரு குளிர்காலத்தில்
அவள் ஒரு விடியலை வாங்கினாள்.
வாங்கினாள் என்பது சரியில்லை.
அந்தச் சொல்லில்தான் எல்லாரும் இடறினார்கள்.

மூன்று நிமிடக் காணொளி.
ரோட்டர்டாமில் ஒரு மாடி அறை,
யோரிட் என்று ஒருவன், முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்,
கையில் ஒரு விளக்கு.
விளக்கு மெல்ல விடிந்தது.
முதலில் செம்பு, பிறகு எலுமிச்சை, பிறகு
அவள் ஏழு வாரமாகப் பார்க்காத ஒரு வெள்ளை.
உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கிறது என்பதைக்
காணொளி சொல்லவில்லை.
மேசைக்கு அடியில் ஓடிய ஒயரைக்
காமிரா குனிந்து பார்க்கவில்லை.

ஆயிரத்து நூறு குரோனர்.
கீழே பொடி எழுத்தில்
உத்தேச விநியோகம்: அக்டோபர்.
உத்தேசத்தைக் கண் தாண்டிக் குதித்து
அக்டோபரில் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் வந்தது. கூடவே கடிதம்.
வார்ப்பு அச்சில் விரிசல்.
டிசம்பரில், சிப் கிடைக்கவில்லை.
மார்ச்சில், பனியின் வெளிச்சத்தில்
ஊரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கையில்,
பாதுகாப்புச் சோதனையில் விளக்கு தோற்றது. சூடாகிறதாம்.
ஜூனில் வெறும் படம்:
அடுக்கி வைத்த பெட்டிகள்.
பெட்டிகள் காலி என்று பிறகுதான் தெரிந்தது.
ஜூனில் இங்கே இரவே கிடையாது,
விளக்கு யாருக்கு வேண்டும்?

பிறகு ஒன்றுமே இல்லை.

பணம் போட்டவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர்.
லியோனில் ஒருவர் வக்கீலைப் பார்க்கப்போவதாக எழுதினார்.
ஒசாகாவில் ஒருவர் திங்கள்தோறும்
அதே பணிவோடு அதே கேள்வியைக் கேட்டார்.
தூர்டிஸ் எதுவும் எழுதவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஐவின்ட் சிரித்தான்.
அவன் பணம் போட்டது ஒரு மடக்குத் தூண்டிலுக்கு.
சொன்ன தேதிக்கு, சொன்ன நிறத்தில் வந்துசேர்ந்தது.
நான்கு வருடமாக அலமாரியில் இருக்கிறது,
பிரிக்காமல்.

இரண்டாவது குளிர்காலத்தில் யோரிட் கணக்கு அனுப்பினான்.
அச்சுக்கு இவ்வளவு, மறு அச்சுக்கு இவ்வளவு,
சோதனைக்கு, சுங்கத்துக்கு,
என் வீட்டு வாடகை மூன்று மாதம், அதுவும் இதிலிருந்துதான்.
மீதி இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ.
பங்கிட்டால் ஆளுக்குப் பதினோரு சென்ட்.

வாடகை வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.
திருடன் இதை எழுத மாட்டான் என்று நினைத்தாள்.
கெட்டிக்காரத் திருடன் எழுதுவான் என்றும் நினைத்தாள்.
மணி நான்கு. எழுந்து போய்
மூன்றாம் அறை, மைனஸ் பதினெட்டு என்று குறித்து
கையெழுத்துப் போட்டாள்.
அந்தத் தாளில் உத்தேசம் என்ற கட்டமே இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்போம் நாம்.
அவளுக்கு அது தெரியாது,
ஆனாலும் அளந்துதான் போட்டிருந்தாள்.
பனி டயருக்கு வைத்ததைத் தொடவில்லை,
வாடகையைத் தொடவில்லை.
போனால் போகட்டும் என்று ஒதுக்கிய பணம்,
போனது.
அளக்காமல் போட்டது அந்த அக்டோபரை.
ஜன்னலோரம் விளக்குக்கென்று காலி செய்த
ஒரு சாண் இடத்தை.
அங்கே இப்போது சாவி வைக்கிறாள்.

போன வாரம் இன்னொரு காணொளி.
லுப்லியானாவில் ஒரு பெண்,
ஈரக் கையுறையை ஒரு மணி நேரத்தில் உலர்த்தும் ஏதோ.
தூர்டிஸ் பொடி எழுத்திலிருந்து மேலே படித்தாள்.
ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள்:
ஒயர் எங்கே போகிறது?
பதில் வரும்வரை கட்டை விரல்
பொத்தானுக்கு மேலேயே நின்றது.

ஜனவரி இருபத்தொன்று, சூரியன் வரும் நாள்.
பேக்கரி வாசலில் வரிசை,
ஜாம் வைத்த உருண்டை பன்னுக்கு.
எல்லாரும் தெற்கு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
முழுக்க மேகம்.
ஒருவரும் பார்க்கவில்லை.
பன்னுக்குக் கொடுத்த காசை
யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை.